கணுவில் தொடங்கும் செடி

பெங்களூர் நீலசந்திராவில் மண் தரை உள்ள வீடுகள் குறைவு. பஜார் தெருவிலிருந்து பிரியும் சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கின்றன. வாசற்படி இறங்கினால் தெருதான். ஆனாலும் அங்கே பச்சைக்குக் குறைவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் பெயின்ட் வாளியில் கற்பூரவல்லி, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட பாட்டிலில் மணி பிளான்ட், மொட்டை மாடியில் துளசியும் கற்றாழையும். இவற்றில் பல காசு கொடுத்து வாங்கியவை அல்ல. “அக்கா, இதுல ஒரு குச்சி உடைச்சுக்கட்டா?” என்று கேட்டு வாங்கியவை. நிலம் இல்லாத இடத்தில் செடி கைமாறிக் கைமாறித்தான் பரவுகிறது. உடைத்த குச்சி எப்படி முழுச் செடியாகிறது என்பது புரிந்துவிட்டால், எந்தக் குச்சி பிழைக்கும், எது அழுகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நர்சரிக்குப் போய் இருநூறும் முந்நூறும் கொடுக்க வேண்டிய தேவையும் பெருமளவு குறையும்.

மணி பிளான்ட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலில் பிரெஞ்சு பாலினேசியாவைச் சேர்ந்த மூரேயா தீவு. தாவரவியலாளர்கள் அதை விவரித்து எழுதியது 1880-ல். பூவைப் பார்த்துத்தான் ஒரு தாவரத்துக்கு உறவுமுறை சொல்வது வழக்கம்; இந்தக் கொடியோ பூப்பதே அபூர்வம். அதனால் அதன் அறிவியல் பெயர் பலமுறை மாறியது. வளர்ப்பில் அது தானாகப் பூத்ததாகக் கடைசியாகக் குறிக்கப்படுவது 1964-ம் ஆண்டு. ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். பூக்கத் தேவையான ஜிப்பரெலின் என்ற ஹார்மோனை உருவாக்கும் மரபணு ஒன்று இந்தச் செடியில் சரிவர வேலை செய்வதில்லை. ஹார்மோனை வெளியிலிருந்து தெளித்ததும் செடி பூத்தது.

பூ இல்லாமல் விதை ஏது? எனவே நம் வீடுகளில் உள்ள ஒவ்வொரு மணி பிளான்ட்டும் யாரோ ஒருவர் கிள்ளிக் கொடுத்த துண்டு. அந்தத் துண்டும் இன்னொரு துண்டிலிருந்து வந்தது. நீலசந்திரா ஜன்னலில் தொங்குவதையும் சிங்கப்பூர் அடுக்குமாடியில் படர்வதையும் தாய், பிள்ளை என்று பிரிக்க முடியாது. வழியில் நேர்ந்த சிறுசிறு மரபணு மாற்றங்களைத் தவிர்த்தால், ஒரே செடி பல்லாயிரம் கைகள் வழியாக வளர்ந்துகொண்டே போகிறது என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டுச் செடிகளில் இதைவிட வியப்பான வரலாறு வேறொன்றுக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நம் உழவர்களுக்கு இது புதிதும் அல்ல. கும்பகோணத்துக் கொடிக்காலில் வெற்றிலை விதைபோட்டு வருவதில்லை. கொடியை வெட்டித்தான் நடுகிறார்கள். கரும்புக்குக் கரணை, மரவள்ளிக்குக் குச்சி, நாட்டு முருங்கைக்குப் போத்து. இவை எல்லாவற்றிலும் நடுபவரின் கண் முதலில் தேடுவது கணுவை.

கணுவில் என்ன இருக்கிறது? இலைக்காம்பு தண்டோடு சேரும் அக்குளில் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அது அடங்கியே இருக்கும். நுனியை வெட்டியதும் விழித்து, புதுக் கிளையாகப் புறப்படும். மணி பிளான்ட், வெற்றிலை போன்ற பற்றிப் படரும் கொடிகளின் கணுவில் வேர்முனைகளும் ஏற்கெனவே உருவாகி, பழுப்பு நிறக் குமிழாக வெளியே தெரியும். அதனால்தான் மணி பிளான்ட் தண்ணீரில் போட்ட ஓரிரு வாரத்தில் வேர்விடுகிறது. அது புதிதாக எதையும் படைக்க வேண்டியதில்லை, இருப்பதை நீட்டினால் போதும்.

பலருக்குத் தோல்வி நேர்வது இங்கேதான். அழகான இலையைக் காம்போடு கிள்ளித் தண்ணீரில் வைப்பார்கள். காம்பின் அடியில் வேர்கூட வரலாம். இலை மாதக்கணக்கில் வாடாமல் நிற்கும். ஆனால் தளிர் மட்டும் வராது, ஏனென்றால் அந்தத் துண்டில் மொட்டு இல்லை. உரம் போட்டாலும், தண்ணீரை மாற்றினாலும், பேசிப் பார்த்தாலும் பயன் கிடையாது. இலைக்குக் கீழே ஒரு கணுவும் அதன் இருபுறம் விரலகலத் தண்டும் சேர்த்து வெட்டியிருந்தால் கதையே வேறு.

செம்பருத்தி, குரோட்டன்ஸ், பன்னீர் ரோஜா போன்றவற்றுக்குத் தண்டில் தயார் வேர்முனை இருப்பதில்லை. வெட்டுப்பட்ட பிறகுதான் வேரைப் புதிதாகப் படைக்க வேண்டும். அது எப்படி என்பதே தாவர உடலியலின் மிகச் செழிப்பான பகுதிகளில் ஒன்று.

முருங்கைப் போத்தைத் தலைகீழாக நட்டால் சரியாக வராது என்பது ஊரறிந்த விஷயம். 1870-களில் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோக்டிங் வில்லோ மரக் கிளைத்துண்டுகளை ஈரக்காற்றில் நேராகவும் தலைகீழாகவும் தொங்கவிட்டுப் பார்த்தார். எப்படித் தொங்கவிட்டாலும், மரத்தில் இருந்தபோது எது அடிப்பக்கமோ அங்கேதான் வேர் திரண்டது. துண்டுக்கு மேல் எது கீழ் எது என்பது தெரிந்திருக்கிறது. 1880-ல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல்லின் முளைக்குருத்து வெளிச்சத்தை நோக்கி வளைவதை ஆராய்ந்து, நுனியிலிருந்து ஏதோ ஒரு தாக்கம் கீழே இறங்குகிறது என்று எழுதினார்கள். 1920-களின் இறுதியில் நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகார் கட்டியின் மேல் வைத்து, அந்தத் தாக்கம் ஒரு வேதிப்பொருள்தான் என்று காட்டினார். அதுதான் ஆக்சின். 1930-களின் நடுவில் வென்ட்டும் கென்னத் திமனும் பிறரும் செய்த சோதனைகளில், வெட்டுத்தண்டில் வேரைத் தூண்டுவதும் அதே பொருள் என்பது உறுதியானது.

ஆக்சின் இளந்தளிரிலும் இளம் இலையிலும் உருவாகி, செல்லுக்குச் செல் கைமாறி அடியை நோக்கி இறங்குகிறது. ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கச் சவ்விலும் அதை வெளியே தள்ளும் புரதங்கள் இருப்பதால் போக்கு ஒரே திசையில்தான். தண்டை வெட்டியதும், அணை கட்டிய ஆற்றில் நீர் தேங்குவதுபோல வெட்டுவாயில் ஆக்சின் தேங்குகிறது. வெட்டுக்காயமும் சும்மா இருப்பதில்லை. சோதனைக்கூடத்தில் அதிகம் ஆராயப்படும் அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியின் இலையை வெட்டினால், சில நிமிடங்களில் ஜாஸ்மோனிக் அமிலம் பெருகி, ஓரிரு மணி நேரத்தில் அடங்குகிறது. அந்தச் சிறு பொழுதுக்குள் புதிய ஆக்சின் உற்பத்திக்கு அது ஆணையிட்டு விடுகிறது. தேங்கிய ஆக்சின், சாறு கடத்தும் குழாய்களை ஒட்டிய சில செல்களில் வேர் உருவாக்கும் மரபணுக்களை இயக்குகிறது. நேற்றுவரை தண்டாகவோ இலையாகவோ இருந்த செல், தன் பழைய வேலையைத் துறந்து வேராகப் பிரியத் தொடங்குகிறது. நம் உடலில் வெட்டுப்பட்ட விரலின் செல்களுக்கு இந்த வல்லமை இல்லை.

இவ்வளவும் தெரிந்தபின், தோட்டக்காரர்களின் பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும். குச்சியின் அடியைச் சாய்வாகவும் தலையை நேராகவும் வெட்டுவது, நடும்போது தலைகீழாகிவிடாமல் இருக்க. கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவது, இறங்கிவரும் ஆக்சினும் சர்க்கரையும் அங்கே சேர்வதால். கீழ் இலைகளை உருவிவிட்டு மேலே இரண்டு மூன்றை மட்டும் விடுவது, வேரில்லாத தண்டு அதிக நீரை இழக்காதிருக்க. எல்லா இலையையும் உருவிவிடக்கூடாது. ஆக்சினும் உணவும் அந்த இலைகளிலிருந்துதான் வர வேண்டும். மொட்டும் பூவும் இருந்தால் கிள்ளிவிட வேண்டும், சேமிப்பெல்லாம் அங்கே போய்விடும்.

கடையில் விற்கும் வேர்த்தூண்டல் பொடியில் பெரும்பாலும் இருப்பது இண்டோல் பியூட்ரிக் அமிலம். ஆக்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. செடியின் சொந்த ஆக்சினைப் போல வெளிச்சத்தில் சீக்கிரம் சிதைவதில்லை என்பதால் வணிகத்துக்கு ஏற்றதாயிற்று. ரோஜா, போகன்வில்லா போன்ற முரட்டுத் தண்டுகளுக்கு அது உதவும். மணி பிளான்ட்டுக்கும் கற்பூரவல்லிக்கும் அதை வாங்குவது வீண்செலவு. தேனும் பட்டைப்பொடியும் கிருமியைக் கொஞ்சம் தடுக்கலாம். அவை வேர் ஹார்மோன் அல்ல. இளநீரைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்கு உண்மையிலேயே அறிவியலில் இடம் உண்டு. 1958-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபிரெடரிக் ஸ்டூவர்டு, தேங்காய் நீர் கலந்த ஊடகத்தில் கேரட் செல்களை வளர்த்து முழுச் செடியையே உருவாக்கிக் காட்டினார். ஆனால் தேங்காய் நீரின் பலம் சைட்டோகைனின் என்ற ஹார்மோன்கள். ஆக்சின் மிகுந்தால் வேர், சைட்டோகைனின் மிகுந்தால் தளிர் என்பதை 1957-லேயே ஸ்கூக்கும் மில்லரும் நிறுவியிருந்தார்கள். வேர் வேண்டி இளநீரில் குச்சியை நிறுத்துவது, கேட்டதற்கு எதிரானதைத் தூண்டுவது. தவிர, அதிலுள்ள சர்க்கரை இரண்டே நாளில் புளித்துக் குச்சியை அழுகச் செய்யும். இளநீரைக் குடித்துவிடலாம்.

நீலசந்திராவிலிருந்து ஓசூர் சாலையைக் கடந்து வில்சன் கார்டன் வழியாகப் போனால் சித்தாபுரம். அதை ஒட்டி லால்பாக். ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய தோட்டம், 1856-ல் அரசுத் தாவரவியல் பூங்காவானது. அதன் கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நாட்டினார்கள். சித்தாபுரத்து நர்சரிகளில் இன்றும் வகைவகையான கன்றுகள் கிடைக்கும். பெங்களூரின் தோட்டத்தொழிலைத் தலைமுறைகளாகக் கையில் வைத்திருந்த திகளர் சமூகத்தார், தமிழ் வழங்கும் நிலத்திலிருந்து வந்து குடியேறியவர்களாகத் தங்களைச் சொல்வார்கள். விதைக்கு வராத செடியைப் பெருக்கும் கைத்திறன் இந்த நகரத்தில் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

அந்தக் கைத்திறனில் நான் மிகவும் மதிப்பது விண்பதியன். ரப்பர் செடி போல, வெட்டினால் பால் வடிந்து வாடிவிடும் செடிகளுக்கு இதுதான் வழி. கிளையைத் தாயிலிருந்து பிரிக்காமலே, விரலகலத்துக்குப் பட்டையை மட்டும் வளையமாக உரித்து, ஈரப்பாசியையோ தேங்காய் நார்க்கழிவையோ பொத்தி, பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டிவிடுகிறார்கள். இலை தயாரித்த உணவும் ஆக்சினும் பட்டை வழியே இறங்குபவை. பட்டை போனதால் வளையத்துக்கு மேலேயே தேங்குகின்றன. வேர் உறிஞ்சிய தண்ணீரோ உள்ளே இருக்கும் மரப்பகுதி வழியே ஏறுவது, அது தடைபடுவதில்லை. ஆக, கிளைக்குத் தாகமும் இல்லை, வேருக்கான தூண்டலும் கூடிவிட்டது. சில வாரங்களில் தாளுக்குள் வெள்ளை வேர் தெரிந்ததும் வெட்டித் தனியே வைக்கலாம். பால்கனியில் உயரமாகிப் போன ரப்பர் செடியை இப்படி இரண்டாக்கிக் கொள்ள எந்தக் கருவியும் தேவையில்லை, கூர்மையான கத்தி ஒன்றைத் தவிர.

குச்சி வைத்த தொட்டியைப் பாலித்தீன் பையால் மூடுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1829-ல் நத்தேனியல் வார்டு என்ற லண்டன் மருத்துவர், மூடிய கண்ணாடிக் குப்பிக்குள் ஈரம் தானே சுற்றிவந்து செடி நீண்டகாலம் பிழைப்பதைக் கண்டார். அந்தக் கண்ணாடிப் பெட்டிகளில்தான் கண்டங்களுக்கு இடையே செடிகள் கப்பலேறின. 1861-ல் நீலகிரிக்குச் சிங்கோனா கன்றுகள் வந்ததும் அப்படித்தான். மலேரியாவுக்கான கொயினா எடுக்கும் மரம் அது. உதகைப் பூங்காவின் வில்லியம் மெக்ஐவர் அந்தக் கன்றுகளை வெட்டுத்துண்டுகளாலும் பதியனாலும் வேகமாகப் பெருக்கினார். பெட்டிக்குள் காற்று ஈரமாக இருந்தால் இலை நீரை இழப்பது குறையும். வேர் வரும்வரை தண்டு தாக்குப்பிடிக்கும். பாலித்தீன் பை செய்வதும் இதே வேலையைத்தான். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது: மூடிய பை நேர்வெயிலில் இருந்தால் உள்ளே வெந்துவிடும்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூனிலிருந்து அக்டோபர்வரை காற்றில் ஈரமும் மிதமான சூடும் சேர்ந்திருப்பதால் குச்சி வைக்க இதைவிட நல்ல காலம் இல்லை. டிசம்பர், ஜனவரி இரவுக் குளிரில் எல்லாம் மந்தமாகும். மார்ச், ஏப்ரல் பிற்பகலின் வறண்ட காற்று குச்சியைக் காயவைத்துவிடும். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து காவிரி நீரை மேடேற்றிக் கொண்டுவரும் நகரம் இது. 2024 கோடையில் குடத்துக்கு அலைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பாட்டில் தண்ணீரில் வேர்விட்டுவிடும் செடிகளுக்கு இங்கே தனி அருமை உண்டு.

அந்தத் தண்ணீரை நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வேர் உருவாக உயிர்க்காற்று தேவை; தேங்கிய நீரில் அது தீர்ந்துபோய், காற்றில்லாமல் வாழும் கிருமிகள் தண்டை அழுகவைக்கும். மாற்றிய நீரை மற்றத் தொட்டிகளுக்கு ஊற்றிவிடலாம். தண்ணீரில் வளர்ந்த வேருக்கும் மண்ணில் வளர்ந்த வேருக்கும் கட்டமைப்பே வேறு. தண்ணீர் வேரில் தூவிகள் குறைவு, காற்றறைகள் அதிகம். எனவே இரண்டு மூன்று அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. முதல் பத்து நாளாவது மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செம்மண்ணோடு பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும் தேங்காய் நார்க்கழிவையும் கொஞ்சம் மக்கிய உரத்தையும் கலந்தால், ஈரமும் நிற்கும், காற்றும் புகும்.

பாம்புக் கற்றாழை என்றும் ஸ்நேக் பிளான்ட் என்றும் சொல்லப்படும் செடி, கணு விதிக்கு வெளியே நிற்கிறது. அதன் இலையை விரல் நீளத் துண்டுகளாக வெட்டி, வெட்டுவாய் காய ஓரிரு நாள் விட்டு, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் செருகினால், வேரும் வரும், சில மாதங்களில் பக்கத்தில் குருத்தும் வரும். மொட்டே இல்லாத இலைச்சதை, மொட்டையும் புதிதாகப் படைத்துவிடுகிறது. ஆனால் ஓரத்தில் மஞ்சள் கரை ஓடும் ரகத்தை இப்படி வெட்டி வைத்தவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கும்: கன்று வெறும் பச்சையாக வரும். அந்த ரகம் உண்மையில் இரண்டு மரபணு அமைப்புகள் ஒரே உடலில் அடுக்கடுக்காகச் சேர்ந்து வாழும் கலப்புயிர். வளர்நுனியின் ஓர் அடுக்கில் பச்சையம் உருவாகாத செல்கள், மற்ற அடுக்குகளில் சாதாரணச் செல்கள். நுனி முழுதாக இருக்கும்வரை இந்த அடுக்குகள் தங்கள் இடத்தைக் காத்துவருகின்றன. இலைத்துண்டிலிருந்து முளைக்கும் குருத்தோ உட்பகுதியின் பச்சைச் செல்களிலிருந்து மட்டும் எழுகிறது. மஞ்சள் அடுக்குக்கு அதில் பங்கில்லை. மஞ்சள் கரை வேண்டுமென்றால், தொட்டியைக் கவிழ்த்து, மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குத் தண்டைக் குருத்தோடு பிரித்து வைப்பதே வழி.

இலை ஓரத்திலேயே குட்டிகளை வரிசையாகப் பெறும் ரணகள்ளி வகைச் செடிகள் இன்னொரு படி மேலே போகின்றன. 2007-ல் கலிஃபோர்னியாவில் நீலிமா சின்ஹாவின் ஆய்வுக்குழு அந்தக் குடும்பச் செடி ஒன்றை ஆராய்ந்தபோது, வழக்கமாக விதைக்குள் கரு வளரும்போது இயங்க வேண்டிய மரபணு, அதில் இலையோரத்தில் இயங்குவது தெரிந்தது. விதைக்குள் நடக்க வேண்டியது இலைமேல் நடக்கிறது.

துண்டிலிருந்து வரும் செடி தாயின் அச்சு என்பதால் தாயின் நோயும் கூடவே வரும். சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலையிலும் விருப்பாச்சி வாழையைச் சரித்தது இதுதான். முடிக்கொத்து நோயின் வைரஸ், அசுவினியால் மட்டுமல்ல, நோயுற்ற பக்கக்கன்று வழியாகவும் தோட்டம் தோட்டமாகப் பரவியது. வைரஸ் நீக்கிய திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டுதான் அந்த வாழையை மீட்க வேண்டியிருந்தது. வீட்டுச் செடியிலும் குச்சி கேட்கும் முன் இலையின் அடிப்புறத்தையும் கணுவின் இடுக்கையும் பார்த்துவிட வேண்டும். வெள்ளைப் பஞ்சுபோல மாவுப்பூச்சி இருந்தால் அந்தக் குச்சி வேண்டாம். மணி பிளான்ட், டிஃபன்பாக்கியா போன்றவற்றின் சாற்றில் ஊசிமுனைக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. வெட்டிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கக்கூடாது, துண்டுகள் குழந்தைகளின் கைக்கு எட்டவும் கூடாது.

மிஞ்சிய துண்டுகளை எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். இலங்கையில் கண்டி நகரின் நடுவே உள்ள உடவத்தகலே காட்டில் மணி பிளான்ட் பெருகித் தரையை மூடி, மரங்களில் ஏறி, உள்ளூர்ச் செடிகளை நெருக்குகிறது. விதையே இல்லாத கொடி, உடைந்த துண்டுகளால் மட்டும் ஒரு காட்டைப் பிடிக்க வல்லது. கத்தரித்ததை ஏரிக்கரையிலோ பூங்கா மரத்தடியிலோ வீசாமல், மொட்டை மாடி வெயிலில் கணுவெல்லாம் சருகாகி நொறுங்கும்வரை காயவைத்து, அதன்பிறகு தொட்டி உரத்தோடு சேர்த்துவிடலாம்.